50 கிலோவா, 200 கிலோவா: ஒரு கறிவேப்பிலைப் பொடியின் லாபக் கணக்கு

ஈரோட்டுப் பக்கம் ஒரு மசாலா மில்லுக்கு நான் காஸ்டிங், அதாவது அடக்கவிலைக் கணக்கு, பார்த்துக் கொடுக்கிறேன். அங்கே இரண்டே சரக்குதான். மாதம் 4,000 கிலோ சாம்பார் பொடி, 200 கிலோ கறிவேப்பிலைப் பொடி. சாம்பார் பொடியில் போட்டி அதிகம், விலையை ஒரு ரூபாய் ஏற்றினாலும் கடைக்காரர் முகம் சுளிப்பார். அதனால் ஓனர் எப்போதும் சொல்வது, “கறிவேப்பிலைப் பொடிதாங்க நமக்குக் காசு, சாம்பார் பொடி சும்மா மில்லு ஓடறதுக்கு.” அவருடைய ஷீட்டும் அதைத்தான் சொல்லியது. அந்த ஷீட் தப்பு என்று கண்டுபிடித்ததும், அதற்குப் பிறகு எந்த அளவில் அரைப்பது என்று நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டதும்தான் இந்தக் கட்டுரை. எண்களை எல்லாம் கணக்குப் போட வசதியாக முழுதாக்கியிருக்கிறேன், உங்கள் மில்லில் வேறாக இருக்கும், ஆனால் கணக்குப் போகும் வழி இதேதான்.

முதலில் நிலவரம். புல்வரைசர் ஒன்றுதான், மணிக்கு 25 கிலோ அரைக்கும். வாரத்துக்கு 48 மணி நேர வேலை. வாரா வாரம் 1,000 கிலோ சாம்பார் பொடி அரைக்க 40 மணி நேரம், பிறகு மெஷினைப் பிரித்துத் துடைக்க 2 மணி நேரம், 50 கிலோ கறிவேப்பிலைப் பொடி அரைக்க 2 மணி நேரம், திரும்பவும் துடைக்க 2 மணி நேரம். ஆக, இரண்டு மணி நேரம் அரைப்பதற்காக நான்கு மணி நேரம் துடைப்பு. இதைப் பேப்பரில் எழுதிக் காட்டும் வரை யாருக்கும் உறைக்கவில்லை, எனக்கும்தான், ஏனென்றால் தினம் நடக்கிற வேலை கண்ணுக்குத் தெரியாது.

ஒரு பொடியிலிருந்து இன்னொரு பொடிக்கு ஒரு தடவை மாற்றுவதற்கு என்ன செலவு? மூன்று பேர் இரண்டு மணி நேரம், மணிக்கு 80 ரூபாய் வீதம் 480. மாற்றியதும் முதலில் வரும் 5 கிலோவில் பழைய பொடியின் நிறமும் வாசனையும் கலந்திருக்கும், அதை விற்க முடியாது, கிலோ 220 என்று வைத்தால் 1,100. பவுச் மெஷினில் ரோல் மாட்டி சீலிங் சூடும் எடையும் செட் ஆகும் வரை வீணாகும் பிலிம் 300. லாட்டுக்கு, அதாவது ஒரே ஓட்டத்தில் அரைக்கும் சரக்குக்கு, ஒரு சாம்பிள் டெஸ்ட் 620. மொத்தம் 2,500 ரூபாய். மாதம் எட்டு தடவை, 20,000 ரூபாய்.

பழைய ஷீட் இந்த 20,000ஐ மொத்த 4,200 கிலோவில் பரப்பிவிட்டது. கிலோவுக்கு 4 ரூபாய் 76 காசு. கறிவேப்பிலைப் பொடி கிலோ 400 ரூபாய்க்குப் போகிறது, பொருளும் பவுச்சும் சேர்த்து 340 ரூபாய், மிச்சம் 60. அதில் 4.76 போனால் 55 ரூபாய் லாபம். சாம்பார் பொடியில் மிச்சமே 20 ரூபாய், அது 15 ஆகிவிடுகிறது. ஓனர் சொன்னது சரியாகத்தானே தெரிகிறது?

தெரியும். ஏனென்றால் கிலோக் கணக்கில் பரப்பினால், பெரிய சரக்கு சின்னச் சரக்கின் செலவைச் சத்தமில்லாமல் சுமக்கும். 1980களின் கடைசியில் ராபின் கூப்பர், ராபர்ட் கப்லான் என்ற இரண்டு கணக்கியல் பேராசிரியர்கள் அமெரிக்கத் தொழிற்சாலைகளை வைத்து எழுதியது இதைத்தான்: சில செலவு ஒவ்வொரு அலகுக்கும் ஆகும், சில செலவு ஒவ்வொரு லாட்டுக்கும் ஆகும், லாட்டில் பத்து கிலோ இருந்தாலும் ஆயிரம் கிலோ இருந்தாலும் அது ஒன்றுதான். லாட் செலவை லாட் எண்ணிக்கையை வைத்துப் பிரித்தால், சாம்பார் பொடிக்கு நான்கு லாட், 10,000 ரூபாய், கிலோவுக்கு 2.50. கறிவேப்பிலைப் பொடிக்கும் நான்கு லாட், அதே 10,000, ஆனால் 200 கிலோவில், கிலோவுக்கு 50 ரூபாய். 55 ரூபாய் என்று நினைத்திருந்த லாபம் 10 ரூபாய்.

இதோடு நிறுத்தினால் பரவாயில்லை. எனக்கு ஒரு உறுத்தல். சாம்பார் பொடிக்கு ஏன் நான்கு லாட்? நடுவில் கறிவேப்பிலைப் பொடி வந்து குறுக்கே நிற்பதால்தானே? அது இல்லாவிட்டால் சாம்பார் பொடி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், சாயங்காலம் பிரஷ் போட்டுத் தட்டிவிட்டுப் போகலாம். வாரத்துக்கு ஒரு டெஸ்ட் மட்டும் இருக்கும். அப்படியானால் சாம்பார் பொடிக்குத் திரும்பும்போது வீணாகும் பொடியும் பிலிமும், 1,400 ரூபாய், அதையும் கறிவேப்பிலைப் பொடியின் தலையில்தான் எழுத வேண்டும். கூலி 480ஐ விட்டுவிடலாம், அந்த மூன்று பேருக்கும் மாதச் சம்பளம், துடைத்தாலும் துடைக்காவிட்டாலும் கொடுத்தாக வேண்டும். கையைவிட்டுப் போகும் காசை மட்டும் பார்த்தால், கறிவேப்பிலைப் பொடியை ஒரு தடவை நுழைப்பதற்கு உள்ளே போக 2,020, வெளியே வர 1,400, ஆக 3,420 ரூபாய். மாதம் நான்கு தடவை 13,680. அந்தப் பொடி மொத்தமாகக் கொண்டுவருவது 200 கிலோ பெருக்கல் 60, 12,000 ரூபாய். சரக்கில் முடங்கிய பணத்துக்கு வட்டி 85 ரூபாயையும் கழித்தால், மாதம் 1,765 ரூபாய் நஷ்டம்.

ஓனர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் “அப்ப நிறுத்திடலாங்களா?” என்றார். நிறுத்துவதும் ஒரு வழிதான், ஆனால் கடைசியில் பார்க்க வேண்டிய வழி. பொடியில் குறை இல்லை, வாரா வாரம் 50 கிலோ அரைப்பதில்தான் குறை.

அடுத்த வழி எல்லோருக்கும் தோன்றுவது, மாதத்துக்கு ஒரே தடவை 200 கிலோ. நுழைப்புச் செலவு 13,680லிருந்து 3,420க்கு இறங்குகிறது. சரக்கு கோடவுனில் அதிகம் நிற்கும், சராசரியாக 25 கிலோ நின்ற இடத்தில் 100 கிலோ. பெரிய லாட் வேண்டாம் என்பவர்கள் உடனே வட்டியைச் சொல்வார்கள். போட்டுப் பார்த்தால் 100 கிலோ, கிலோ 340, மொத்தம் 34,000 ரூபாய் முடக்கம், மாதம் ஒரு சதவீதம் வட்டி என்றால் 340 ரூபாய். அவ்வளவுதான். கிட்டத்தட்ட ஒரு தடவை மெஷினைத் துடைத்தால் வீணாகும் பிலிமின் காசு அது. சின்னத் தொழிலில் வட்டியைக் காட்டிப் பெரிய லாட்டை மறுப்பது பெரும்பாலும் எடுபடாது, வங்கிக் கடன் வரம்பு முட்டிக்கொண்டு நின்றால் மட்டும் கதை வேறு.

நிஜமான செலவு வாசனையில் இருக்கிறது. கறிவேப்பிலைப் பொடி அரைத்த வாரத்தில் பவுச்சைக் கிழித்தால் வீடே மணக்கும், நாளாக ஆக அது இறங்கும், பச்சை நிறம் மங்கும். கோடவுனில் ஒரு மாதம், டீலரிடம் ஒரு மாதம், கடை அலமாரியில் இரண்டு மாதம் என்று போனால் ரிட்டர்ன் வரும். ஐந்து சதவீதம், 10 கிலோ, திரும்பி வருகிறது என்று வைத்தால் 3,400 ரூபாய். ஆக 12,000த்தில் 3,420, 340, 3,400 மூன்றையும் கழித்தால் மாதம் 4,840 ரூபாய் மிச்சம். அதே பொடி, அதே விலை, அதே ஆட்கள். வாரா வாரம் அரைத்தால் 1,765 ரூபாய் நஷ்டம், மாதம் ஒரு தடவை அரைத்தால் 4,840 ரூபாய் லாபம். “இந்தச் சரக்கில் கிலோவுக்கு எவ்வளவு லாபம்” என்று யாராவது கேட்டால் எத்தனை கிலோ லாட் என்று நான் திருப்பிக் கேட்பது இதனால்தான்.

ஆனால் 200 கிலோவில் ஒரு பயம் உண்டு, அது எந்த ஷீட்டிலும் வராது. டெஸ்டில் ஈரம் கூடுதலாக இருக்கிறது என்று வந்தாலோ, இலையில் மண் சரியாகப் போகவில்லை என்று ஒரு புகார் வந்தாலோ, பவுச்சில் அடித்திருக்கும் பேட்ச் எண்ணில் வந்த சரக்கு முழுவதையும் திரும்ப எடுக்க வேண்டும். 50 கிலோ லாட் என்றால் 17,000 ரூபாயோடு போகும், 200 கிலோ என்றால் 68,000 ரூபாய். வருடத்துக்கு ஒரு தடவை நடந்தால்கூட அந்த வருட லாபம் முழுக்க அதற்கே போய்விடும், கொஞ்சம் கையிலிருந்தும் போகும்.

நடுவழி, மாதம் இரண்டு தடவை 100 கிலோ. நுழைப்புச் செலவு 6,840, வட்டி 170, ரிட்டர்ன் இரண்டு சதவீதம் என்றால் 1,360. மிச்சம் 3,630 ரூபாய். மாத லாட்டைவிட 1,210 குறைவு. ஆனால் மாத லாட்டில் ரிட்டர்ன் 10 கிலோ என்பது நான் வைத்த ஊகம், அது 14 கிலோவைத் தொட்டால் இந்த வழி முந்திவிடும். மழை மாதங்களில் 14 கிலோ வருமா வராதா என்பதற்கு என் லேப்டாப்பைவிட டீலர்களின் ரிட்டர்ன் நோட்டுதான் நல்ல சாட்சி. அந்த நோட்டு ஒழுங்காக எழுதப்படவில்லை என்பது வேறு விஷயம். அதற்கு நான் போட்ட சண்டையைத் தனியாக எழுத வேண்டும்.

இங்கே வணிகவியல் படித்தவர்கள் “சூத்திரம் இருக்கிறதே” என்பார்கள். இருக்கிறது. 1913இல் போர்டு ஹாரிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் எழுதியது, செட்டப் செலவும் (நம் கணக்கில் நுழைப்புச் செலவு) சரக்கை வைத்திருக்கும் செலவும் சேர்ந்து எங்கே குறைவாக இருக்கிறதோ அதுதான் சரியான லாட் என்று. வருடத் தேவை 2,400 கிலோ, நுழைப்புச் செலவு 3,420, ஒரு கிலோவை ஒரு வருடம் வைத்திருக்க வட்டி 40 ரூபாய் 80 காசு. இரண்டு, தேவை, செட்டப் செலவு மூன்றையும் பெருக்கி, வைத்திருக்கும் செலவால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் 634 கிலோ வருகிறது. மூன்று மாதத்துக்கும் மேலான சரக்கு! மூன்று மாதம் கோடவுனில் கிடந்த கறிவேப்பிலைப் பொடியை யார் வாங்குவது? சூத்திரத்துக்கு மூக்கு கிடையாது. திருகாணியும் போல்ட்டும் செய்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், சாப்பிடும் பொருளில் கெட்டுப்போவதையும் வைத்திருக்கும் செலவில் சேர்க்காமல் போட்டால் இப்படித்தான் ஏமாற்றும்.

ஆனாலும் அதில் ஒரு நல்ல பாடம் இருக்கிறது. சரியான அளவுக்குப் பக்கத்தில் அந்தக் கோடு தட்டையாக இருக்கும். லாட்டை அதன் பாதியாக்கினாலும் இரட்டிப்பாக்கினாலும் மொத்தச் செலவு 25 சதவீதம்தான் ஏறும். அதனால் 90 கிலோவா 110 கிலோவா என்று மல்லுக்கட்டுவது நேர விரயம். நாங்கள் செய்துகொண்டிருந்த மாதிரி சூத்திரம் சொல்வதில் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் அரைத்தால்தான் செலவு ஆறு மடங்குக்கு மேல் எகிறும். தூரமாக இருந்தால்தான் வலிக்கும்.

சரி, நான்காவது வழி. எனக்குப் பிடித்தது இதுதான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அதனால் என் பாரபட்சத்தைக் கழித்துக்கொண்டு படியுங்கள். இதுவரை செட்டப் செலவு 3,420 என்பதை மாறாத ஒன்றாக வைத்துக்கொண்டு லாட்டை மட்டும் ஏற்றி இறக்கினோம். அந்த 3,420ஐயே குறைத்தால்? டொயோட்டாவில் 1969இல் ஆயிரம் டன் பிரஸ் ஒன்றில் அச்சு மாற்ற நான்கு மணி நேரம் ஆகிக்கொண்டிருந்தது. ஷிகியோ ஷிங்கோ என்ற ஜப்பானியப் பொறியாளர் அதை முதலில் ஒன்றரை மணி நேரத்துக்கும், பிறகு மூன்று நிமிடத்துக்கும் கொண்டுவந்தார். அவர் கேட்ட கேள்வி ரொம்பச் சாதாரணம்: இந்த வேலைகளில் மெஷின் நின்றால்தான் செய்ய முடியும் என்பவை எவை, ஓடும்போதே செய்து வைக்கக்கூடியவை எவை?

மில்லில் நின்று பார்த்தேன். இரண்டு மணி நேரத்தில் பாதிக்கு மேல் சல்லடையைக் கழற்றிக் கழுவிக் காய வைப்பதிலும், தூசி வடிகட்டும் துணிப் பையை உதறிச் சுத்தம் செய்வதிலும் போகிறது. மெஷின் சும்மா நிற்கிறது, மூன்று பேரும் சல்லடை காயக் காத்திருக்கிறார்கள். இன்னொரு செட் சல்லடையும் பையும் வாங்கி வைத்தால் கழற்றி மாட்டிவிட்டு ஓட்டலாம், பழையது நிதானமாகக் காயட்டும். இரண்டு பொடிக்கும் தனித்தனிப் பை என்றால் வாசனை ஒட்டுவதும் குறையும். முதலில் ஒரு கிலோ அரிசியை ஓட்டி வெளியே எடுத்தால் வீணாகும் பொடி 5 கிலோவிலிருந்து 2 கிலோவாகிறது. பவுச் மெஷினின் சூடும் வேகமும் எந்த எண்ணில் நன்றாக இருந்தது என்று சுவரில் எழுதி ஒட்டினால் பிலிம் பாதி மிச்சம், இதற்குச் செலவு ஒரு பேனா. மொத்தத்தில் 35,000 ரூபாய் ஒரு தடவைச் செலவு, துடைப்பு நேரம் 40 நிமிடம். உள்ளே போக 440, 150, 620, ஆக 1,210. வெளியே வர 590. ஒரு நுழைப்பு 1,800 ரூபாய்.

இப்போது பழைய வழிகளையே திரும்பப் போடுவோம். வாரா வாரம் 50 கிலோ என்றால் 1,765 நஷ்டமாக இருந்தது 4,715 லாபமாகிறது, கிட்டத்தட்ட மாத லாட்டின் லாபம், அதுவும் ரிட்டர்ன் பயமில்லாமல், புதுப்பொடியாக. மாதம் இரண்டு தடவை என்றால் 6,870. மாதம் ஒரு தடவை என்றால் 6,460. இரண்டு வார லாட் முதலிடம் பிடித்துவிட்டது. பழைய செட்டப்பின் மாத லாட்டோடு ஒப்பிட்டால் மாதம் 2,030 ரூபாய் கூடுதல், 35,000 திரும்பி வர 17 மாதம் ஆகும், இதை ஓனரிடம் மறைக்கவில்லை. அவர் ஏற்கெனவே இரண்டு வார லாட்டில் இருந்திருந்தால் 11 மாதத்தில் வந்திருக்கும். ஒரே பொருளுக்கு இரண்டு கணக்கு, எதோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து.

இதில் நேரத்தை நான் இன்னும் விலை போடவில்லை. வாரா வாரம் அரைத்தபோது 48 மணி நேரத்தில் 46 போய்விட்டது, அதாவது புல்வரைசர்தான் மில்லின் கழுத்து, அது அரைப்பதைத் தாண்டி மில் எதையும் தர முடியாது. கல்யாண சீசனில் கூடுதலாகச் சாம்பார் பொடி கேட்டால் வாரம் 50 கிலோதான் கொடுக்க முடியும். பழைய துடைப்பு நேரத்திலேயே மாதம் ஒரே லாட் என்று மாறி, மாதம் 16 மணி நேரத் துடைப்பை 4 மணி நேரமாக்கினால் 12 மணி நேரம் கிடைக்கிறது, 300 கிலோ சாம்பார் பொடி, கிலோ 20 வீதம் 6,000 ரூபாய். ஆனால் வாங்க ஆள் இருந்தால் மட்டும். ஆள் இல்லாத மாதத்தில் மிச்சமான 12 மணி நேரத்தில் டீதான் குடிக்க முடியும், அதை 6,000 என்று ஷீட்டில் எழுதக் கூடாது. சீசனில் லாட்டைப் பெரிதாக்கு, மந்தமான மாதத்தில் சின்னதாக்கு என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். வருடம் முழுக்க ஒரே அளவு என்று பிடிவாதம் பிடிக்க வேண்டியதில்லை.

இன்னொரு பொறி மார்ச் மாதத்தில் வரும். வாடகை, சம்பளம், மின் இணைப்புக் கட்டணம் எல்லாம் மாதம் 1,05,000 ரூபாய் என்று வையுங்கள், 4,200 கிலோவில் கிலோவுக்கு 25 ரூபாய். ஓவர்டைம் போட்டு 600 கிலோ கூடுதலாக அரைத்து விற்காமல் வைத்தால் அது 21 ரூபாய் 88 காசாக இறங்கும். அந்த 600 கிலோவோடு 13,125 ரூபாய் நிலைச்செலவு கோடவுனுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், மார்ச் லாபம் அந்த அளவு ஏறித் தெரியும், ஒரு பவுச்கூடக் கூடுதலாக விற்காமல். இருப்புச் சரக்கை மதிப்பிடும் கணக்குத் தர விதி இரண்டு (AS 2), உற்பத்தி குறைந்த மாதத்தின் வெட்டிச் செலவைச் சரக்கில் ஏற்றுவதைத்தான் தடுக்கிறது, இதைத் தடுக்கவில்லை. ஆடிட்டரும் ஒன்றும் சொல்ல மாட்டார். பெரிய லாட்டில்தான் லாபம் என்று யாராவது வருடக் கடைசி ஷீட்டைக் காட்டினால், முதலில் கோடவுனைத் திறந்து பாருங்கள்.

இதே கணக்கு விலை சொல்லவும் உதவியது. ஒரு கேட்டரிங்காரர் காரம் குறைத்த கறிவேப்பிலைப் பொடி 25 கிலோ கேட்டார், தனி லாட். முன்பென்றால் ஓனர் 400 ரூபாய்க்கே சரி என்றிருப்பார். பழைய செட்டப்பில் அந்த 25 கிலோவுக்கு நுழைப்பு மட்டும் கிலோ 137 ரூபாய், புதியதில் 72. கிலோ விலையை ஏற்றாமல், லாட்டுக்கு 1,800 ரூபாய் தனி என்று பில்லிலேயே எழுதச் சொன்னேன். அவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு 60 கிலோவாகக் கொடுங்கள், இரண்டு மாதத்துக்கு வைத்துக்கொள்கிறேன் என்றார். கிலோவுக்கு 30 ரூபாயாக இறங்கிவிட்டது, அவருக்கும் புரிந்தது.

சல்லடை செட் வந்துவிட்டது, இப்போது மாதம் இரண்டு லாட் ஓடுகிறது. போன வாரம் ஓனர் போன் செய்து பூண்டுப் பொடியும் போடலாமா என்றார். பூண்டு வாசனை துணிப் பையில் ஏறினால் லேசில் போகாது, சாம்பார் பொடி, கறிவேப்பிலைப் பொடி எல்லாம் முடித்துக் கடைசியில்தான் அதை ஓட்ட வேண்டியிருக்கும். ஒரு தடவை ஓட்டிப் பார்த்து, அந்த வாசனை போக எத்தனை கிலோ அரிசி ஆகிறது என்று எழுதி வையுங்கள், அப்புறம் விலை பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன்.